மாட்டுத் தொட்டிக்குப் போகும் சத்து

(வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் தென்காசி வட்டார வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நான் வந்தால் ஒன்று உரத்தைப் பற்றிப் பேசுவேன், இல்லாவிட்டால் பூச்சியைப் பற்றிப் பேசுவேன். இன்றைக்கு வயலை விட்டுக் கொஞ்சம் கரையேறி, நம்ம வீட்டு அடுப்பங்கரைக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பயிருக்கு என்ன சத்து வேண்டும் என்று கேட்டால் உங்களில் யாரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவீர்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. இலை வெளிறினால் எது குறைச்சல், ஓரம் காய்ந்தால் எது குறைச்சல் என்றும் சொல்லுவீர்கள். ஆனால் அந்தப் பயிரை விளைவித்துச் சாப்பிடுகிற மனுஷனுக்கு என்ன சத்து வேண்டும், அது எதில் இருக்கிறது, எந்த வழியாகக் கைநழுவிப் போகிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. விவசாயப் பட்டம் வாங்கிய எனக்கே அது உறைத்தது எப்படி என்பதைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

என் தாயார் சிற்றாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன கிராமத்தில் அறுபது வயது வரை இருந்தவர். வீட்டு நெல்லை ஊறப்போட்டு, அண்டாவில் அவித்து, முற்றத்தில் காயவைத்து, ஊர் மில்லில் ஒரே தீட்டாகத் தீட்டிக்கொண்டு வருவார். அந்தப் பழுப்புப் புழுங்கல் அரிசியில்தான் எங்களுக்குச் சோறு. எனக்கு வேலை நிலைத்து, தென்காசியில் வீடு எடுத்ததும் அவரை அழைத்து வந்தேன். டவுனுக்கு வந்தாச்சு, இனி எதுக்கு அந்த மோட்டா அரிசி என்று, கடையில் இருப்பதிலேயே வெள்ளையான பச்சரிசியாகப் பார்த்து வாங்கினேன். அதை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, நிறையத் தண்ணீர் வைத்துப் பொங்கி, கஞ்சியை வடித்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊற்றினோம். தாயாருக்குப் பல் இல்லை. கீரை, பயறு மெல்ல முடியாது. வெள்ளைச் சோறும் ரசமும்தான் மூன்று வேளையும்.

ஆறேழு மாதத்தில் வாய்ப்புண் வந்தது. உள்ளங்கால் எரிகிறது என்றார். எழுந்து நடக்க அசதி. டாக்டரிடம் காட்டினோம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தார், சரியாயிற்று. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வந்தது. மூன்றாம் தடவை போனபோது அந்த டாக்டர், "ஆச்சி என்ன சாப்பிடுதாக?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க விவசாய ஆபீஸர்தானே சார்? ஊர்ப் பயிருக்கெல்லாம் ஜிங்க் சல்பேட் போடச் சொல்லுதீக. உங்க அம்மாவுக்கு என்ன போட்டீங்க?" என்றார்.

அரிசி ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. வயதானால் குடல் சத்தை இழுப்பதும் குறையும், வேறு காரணமும் இருக்கும் என்று ரத்தமும் எடுத்துப் பார்த்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஒரே எண்ணம்தான். தாயாருக்கு வேண்டியிருந்த சத்தில் ஒரு பங்கை மில்லிலேயே தவிடாக விட்டுவிட்டு வந்தேன். மீதியில் ஒரு பங்கைக் கழுவிய தண்ணீரிலும் கஞ்சியிலும் மாட்டுத் தொட்டிக்கு அனுப்பினேன். பிறகு அதையே காசு கொடுத்து மாத்திரையாக வாங்கினேன்.

மூட்டைச் சத்தும் சிட்டிகைச் சத்தும்

மனுஷனுக்கு வேண்டிய சத்துகளை, வயலில் பார்க்கிற மாதிரியே, இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மூட்டைக் கணக்கில் வேண்டியவை ஒரு வகை. சிட்டிகைக் கணக்கில் வேண்டியவை இன்னொரு வகை.

மூட்டைச் சத்து மூன்று. முதலாவது மாவுச்சத்து. அரிசி, சோளம், கிழங்கு, கருப்பட்டி எல்லாம் இதுதான். கரி, ஹைட்ரஜன், பிராணவாயு என்கிற மூன்று பொருள்களைச் சேர்த்து, வெயிலை வைத்து இலை கட்டுகிற சர்க்கரைக் கோவை இது. உடம்புக்கு இது விறகு. ஒரு கிராம் எரிந்தால் நாலு கலோரி சூடு. இரண்டாவது கொழுப்பு, அதாவது எண்ணெய், நெய். இதுவும் அதே மூன்று பொருள்கள்தான். ஆனால் நெருக்கிக் கட்டிய விறகு. ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. மூன்றாவது புரதம். இதில் அந்த மூன்றோடு நாலாவதாக ஒன்று சேருகிறது. அது என்ன தெரியுமா? நீங்கள் யூரியாவாக வயலில் போடுகிற தழைச்சத்து, நைட்ரஜன்.

சிட்டிகைச் சத்து இரண்டு. ஒன்று வைட்டமின், தமிழில் உயிர்ச்சத்து. மற்றொன்று இரும்பு, சுண்ணாம்பு, துத்தநாகம், அயோடின் மாதிரி தாது உப்புகள்.

சிட்டிகை அளவுதானே, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நட்ட மூன்றாம் வாரத்தில் நெல்லில் துத்தநாகம் குறைந்தால் என்ன நடக்கிறது? இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும். பயிர் குன்றி நிற்கும். யூரியாவை இன்னொரு மூட்டை கொட்டினாலும் எழுந்திருக்காது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போட்டதும் தலை நிமிரும். வைட்டமினும் அப்படித்தான். அது விறகு அல்ல, தீக்குச்சி. அடுப்பு நிறைய விறகு அடுக்கியிருந்தாலும் தீக்குச்சி இல்லாவிட்டால் உலை கொதிக்குமா? வெள்ளைச் சோறு வயிறு நிறையச் சாப்பிட்டும் உடம்பு அசந்து போவதற்கு ஒரு காரணம் இதுதான். சோற்றை எரிக்கிற வேலைக்குக் கூடவே நிற்க வேண்டிய தயமின் என்கிற பி-1 வைட்டமின் அந்தச் சோற்றில் இல்லை.

யூரியா எங்கே போகிறது?

புரதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. புரதம் என்பது ஒரு சங்கிலி. அதன் கண்ணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். இருபது வகைக் கண்ணி உண்டு. அவற்றில் ஒன்பதை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் புரதத்தை எடுத்தாலும் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும். அதனால்தான் சோதனைச்சாலையில் பருப்பில் எவ்வளவு புரதம் என்று கேட்டால், நைட்ரஜனை அளந்து அதை ஆறேகாலால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன். பயிர் அதில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். பிடித்துக்கொண்டதில் ஒரு பங்குதான் நெல்மணிக்குள் புரதமாக உட்காருகிறது.

நூறு கிராம் அரிசியில் ஏழு கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அதே நூறு கிராம் உளுந்தில் 24 கிராம். உளுந்துக்கு நீங்கள் மூட்டை மூட்டையாய் யூரியா போடுவதில்லை. அதன் வேர்முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை நேராகப் பிடித்துக் கொடுக்கிறது. பிசான நெல் அறுத்த தரிசில் உளுந்து விதைக்கிறவர்கள் மண்ணுக்கும் சத்து சேர்க்கிறார்கள், வீட்டுக்கும் சேர்க்கிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற கண்ணி குறைச்சல். பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் என்கிற கண்ணி குறைச்சல். அரிசியில் அது கொஞ்சம் உண்டு, எள்ளில் நிறைய உண்டு. இப்போது நம்ம ஊர் உளுந்தஞ்சோற்றை நினைத்துப் பாருங்க. அரிசி, தொலி உளுந்து, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மூன்றும் ஒன்றின் குறையை ஒன்று அடைக்கிறது. அமினோ அமிலம் என்ற பேரே தெரியாத நம்ம பாட்டிமார் வாய்ப் பக்குவத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது கிராம் புரதம் வேண்டும். வெறும் சோற்றில் அது நிறையாது. பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் என்று முடிந்ததைச் சேர்த்தால்தான் நிறையும்.

கோழிக்கும் புறாவுக்கும் வந்த வியாதி

இனி தவிட்டுக் கதைக்கு வருவோம். பெரிபெரி என்று ஒரு வியாதி. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். நெல் அரைக்க நீராவி மில் வந்த பிறகு, அரிசி தின்னும் நாடுகளில் இந்த வியாதி பெருகியது. கிருமிதான் காரணம் என்று எல்லாரும் தேடினார்கள். 1890-களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைச் சோறு போட்ட கோழிகள் கால் விழுந்து கிடந்தன. தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. தீட்டும்போது போகிற தொலியில் ஏதோ இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த வகைப் பொருள்களுக்கு வைட்டமின் என்ற பேரை 1912-ல் வைத்தவர் ஃபங்க் என்ற விஞ்ஞானி. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆராய்ச்சிக்கு நம்ம பக்கத்திலும் ஒரு கிளை இருந்தது. 1918-ல் நீலகிரி மலையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஒரு அறையில், பெரிபெரியைப் பற்றி ஆராய மெக்காரிசன் என்ற மருத்துவர் உட்கார்ந்தார். தீட்டிய அரிசியைப் புறாக்களுக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவருக்குப் பின் குன்னூரில் தலைமை வகித்த அய்க்ராய்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் எல்லாரும்தான் அரிசி சாப்பிடுகிறார்கள். ஆனால் வடக்கே ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருக்கிறது, தமிழ்ப் பகுதியில் மிகமிக அபூர்வம். ஏன்? அங்கே சாப்பிட்டது மில்லில் தீட்டிய பச்சரிசி. இங்கே சாப்பிட்டது புழுங்கல்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டு, 1936-ல் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? 1886-ல் நெல்லூரில், பாதிரியார் வீட்டுப் பிள்ளை. ஊர்ப் பேரிலேயே நெல் இருக்கிறது பாருங்க. 1910-ல் மணிலாவில் தவிட்டுச் சாறு கொடுத்த கைக்குழந்தைகள் தேறுவதைப் பார்த்து அதில் இறங்கினவர், 26 வருஷம் அதை விடவில்லை. கந்தகமும் நைட்ரஜனும் கலந்த அந்தப் பொருளுக்குத்தான் தயமின் என்று பேர்.

அவிக்கும்போது என்ன நடக்கிறது?

நெல்லை உடைத்துப் பார்த்தால் வெளியே உமி. அதற்குள் மெல்லிய தவிட்டுத் தொலி. ஒரு மூலையில் முளை. நடுவில் வெள்ளை மாவு. தயமினில் பெரும்பங்கு தொலியிலும் முளைப் பக்கத்திலும்தான் இருக்கிறது. நடு மாவில் கொஞ்சம்தான். பச்சை நெல்லைத் தீட்டினால் தொலியும் முளையும் தவிடாகப் போய்விடும்.

இப்போது நெல்லை ஊறவைக்கிறோம். தயமின் தண்ணீரில் கரைகிற பொருள். தண்ணீர் உள்ளே இறங்கும்போது தொலியில் இருக்கிற சத்தைக் கரைத்துக்கொண்டு நடு மாவுக்குள் போகிறது. அடுத்தாற்போல் ஆவியில் அவிக்கிறோம். மாவு கூழாகி இறுகுகிறது. உள்ளே போன சத்து அந்த இறுக்கத்தில் சிக்கிக்கொள்கிறது. பிறகு காயவைத்துத் தீட்டினாலும் முழுசாக வெளியேற முடியாது. அதே இறுக்கத்தால் அரிசியில் இருக்கிற கீறலும் ஒட்டிக்கொள்வதால் மில்லில் நொய் குறைகிறது. சத்து மிச்சம், காசும் மிச்சம்.

கணக்கு வேண்டுமா? ஹைதராபாத் நிறுவனத்தார் 1971-ல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்க. மில்லில் தீட்டிய பச்சரிசி நூறு கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். மில்லில் தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21. தவிட்டில் 2.70. நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுகிற ஒருவருக்குப் பச்சரிசியில் கிடைப்பது 0.24, புழுங்கலில் 0.84. ஒரு ஆளுக்குத் தேவை ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிகிராம். இது சமைப்பதற்கு முந்திய கணக்கு. அடுப்பங்கரையில் போவது தனி.

அப்படியானால் தவிட்டையே அள்ளித் தின்னலாமா என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார். வேண்டாம். மில் தவிட்டில் உமித்தூளும் மண்ணும் கலந்திருக்கும். அதில் எண்ணெய்ச் சத்தும் அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். தவிடு மாட்டுக்கே இருக்கட்டும். அரிசியில் ஒட்டியிருக்க வேண்டிய தொலியை மட்டும் முழுசாகச் சீவி எறியாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அவிப்பதிலும் ஒரு யோசனை. பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் புளித்து வாடை அடிக்கும். கை பொறுக்காத சூட்டு நீரில், அதாவது அறுபது எழுபது டிகிரியில், மூன்று நாலு மணி நேரம் ஊறினால் போதும். வாடை இருக்காது. உமி வாய் பிளக்கும் வரை ஆவி காட்டி, ஈரப்பதம் 14 விழுக்காடு வருகிற மட்டும், பாதி வெயிலிலும் மீதி நிழலிலுமாகக் காயவையுங்கள்.

நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 மாதிரி குண்டு ரகங்கள் இப்படி அவித்துத் தீட்டுவதற்கு நன்றாக வரும்.

தண்ணீரில் போவது, எண்ணெயில் வருவது

இதுவரை சொன்னதில் ஒரு சங்கதியை மட்டும் மனதில் வையுங்க. எந்தச் சத்து எதில் கரையும் என்று தெரிந்தால் அதைக் காப்பாற்றும் வழியும் தெரியும். பி குடும்பத்து வைட்டமின்களும் சி வைட்டமினும் தண்ணீரில் கரையும். ஏ, டி, இ, கே நாலும் எண்ணெயில் கரையும்.

தண்ணீரில் கரைவது கழுவின தண்ணீரோடும் வடித்த கஞ்சியோடும் போகும். அதனால் அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம்; கல் மண் போக ஒன்றிரண்டு தண்ணீர் போதும். முடிந்தால் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்க. வடித்தே ஆக வேண்டுமென்றால் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்துக்கும் குழம்புக்கும் ஊற்றலாம். பருப்பு சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்பச் சோடா போடுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. காரம் பட்டால் தயமின் அழிந்துவிடும். சோடாவை விட்டுவிட்டுப் பருப்பை முதலிலேயே ஊறவையுங்கள். கீரையை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். கழுவிய பிறகு நறுக்குங்கள். சி வைட்டமின் சூட்டிலும் காற்றிலும் போகும். எலுமிச்சம்பழத்தைக் கொதிக்கிறபோது பிழியாமல், இறக்கி வைத்த பிறகு பிழியுங்கள். பச்சைப்பயறை முளைகட்டினால் இல்லாத சி வைட்டமின்கூட அதில் உண்டாகிறது.

எண்ணெயில் கரைவதற்கு இதற்கு நேர்மாறு. முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் பப்பாளியிலும் மஞ்சள் நிறத்துக் கரோட்டின் நிறைய இருக்கிறது. கீரையில் பச்சை மூடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு அதைத்தான் ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் கூடக் கொஞ்சம் எண்ணெய் இல்லாவிட்டால் குடல் அதை இழுக்காது. ஒரு கரண்டி நல்லெண்ணெய், இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டு இறக்குங்க. இந்தச் சத்து குறைந்த பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழியே கெட்டுவிடும். அதற்காகத்தான் 1970-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் வந்தது. சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுங்க, முருங்கையையும் விடாதீங்க. சாரல் சீசனில் குற்றாலம் போனால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் கொல்லையில் நிற்கிற முருங்கை வருஷம் பூராவும் சும்மா கொடுக்கிறதை மறந்துவிடக்கூடாது.

இரும்புக்கு ஒரு கூட்டாளி

பெண்களுக்கு இரும்புச் சத்து முக்கியம். வெளிறிய முகம், படி ஏறினால் மூச்சு வாங்குவது, பிரசவத்தில் ஆபத்து, எல்லாம் ரத்தசோகையால் வருவது. கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்பு, குடல் சுலபமாக வாங்கிக்கொள்ளாத வடிவத்தில் இருக்கிறது. சி வைட்டமின் சேர்ந்தால் அது வாங்கிக்கொள்கிற வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே கீரையோடு ஒரு துண்டு எலுமிச்சை, அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். நமக்கு என்ன பஞ்சம்? புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே இருக்கிறது. அதே சமயம் சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் அதில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கட்டி வெளியே அனுப்பிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பிள்ளைத்தாச்சிகள் மட்டும் கீரை சாப்பிடுகிறோமே என்று சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுடைய தேவை கீரையால் மட்டும் நிறையாது.

2023-ல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி கொடுக்கத் தொடங்கினபோது, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12-ம் சேர்த்த மணியை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தார்கள். பார்வைக்குக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. அது அரிசி மாவில் சத்தைக் கலந்து மறுபடி அரிசி வடிவத்தில் செய்தது, பிளாஸ்டிக் அல்ல. பி-12 என்று சொன்னேன். அது மட்டும் கீரையிலும் தானியத்திலும் கிடையாது. பால், மோர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. வீட்டில் பால் கறப்பவர்கள் எல்லாப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல், ஆளுக்கு ஒரு தம்ளராவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

மில்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. வெள்ளை அரிசிதான் விலை போகிறது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். விற்கிற நெல்லை வியாபாரி கேட்கிற மாதிரியே கொடுங்க. வீட்டுக்கு வைத்துக்கொள்கிற நெல்லுக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்க. களத்திலேயே வீட்டுப் பங்கைப் பிரித்து, புழுங்கலாக அவித்து, மில்லில் பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, எனக்கு ஒரு தீட்டு போதும், பாலீஷ் வேண்டாம்" என்று சொல்லி வாங்குங்க. இந்த அரிசியில் தொலி ஒட்டியிருப்பதால் வண்டும் அந்தும் சீக்கிரம் விழும், சிக்கு வாடையும் வரும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வையுங்கள். சர்க்கரை வியாதி இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புழுங்கல் அரிசியும் அரிசிதான். அளவைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுவதுதான் அவர்களுக்குச் சரி.

என் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டர் சொன்ன மாத்திரையைச் சொன்ன காலம் வரை கொடுத்தோம். அதோடு ஊரிலிருந்து ஒரு தீட்டுப் புழுங்கல் அரிசி வரவழைத்தோம். பல்லில்லாத வாய்க்கு ஏற்ற மாதிரி குழைய வைத்த உளுந்தஞ்சோறு, மசித்த முருங்கைக்கீரையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், காலையில் கஞ்சியில் மோர். மூன்று நாலு மாதத்தில் கால் எரிச்சல் விட்டது. வாய்ப்புண்ணும் முன்போல் திரும்பவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "இதத்தானல நான் அறுபது வருஷமாத் தின்னேன்? இதத் தெரிஞ்சுக்கிடவா நீ காலேஜுக்குப் போன?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கார் அறுவடையிலாவது, வீட்டுப் பங்கு நெல்லை மில்லுக்கு ஏற்றும் முன்னால் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். கழுவுகிற தண்ணீரையும் வடிக்கிற கஞ்சியையும் பார்த்து ஊற்றுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண் அலுவலகத்திலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள். உடம்பில் கோளாறு தெரிந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பி இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.